கருனியைப் பெயர்த்து நடுதல்



கணினித் தமிழ் என்றதும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளோர்க்கு எழுத்துருவும் விசைப்பலகையும் நினைவுக்கு வருவது இயல்பே. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைக் கொண்டு தமிழில் தட்டச்சுப் பழகியோர் இவ்வவையிலும் இருப்பர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு இந்நகரில் கூடியதை மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர். அப்பணிகள் எல்லாம் கணினி விழித்தெழுந்த பின்னர் நிகழ்வன. கணினி விழிப்பதற்கு முன், திரையில் ஓர் எழுத்தும் தோன்றாத அந்தச் சில நொடிகளில் நிகழ்வதைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

இதனைத் தமிழவையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில், இங்கிருந்து அரைமணி வழியில் உள்ள பூச்சோங்கில், சில்லு வடிவமைப்புக்கெனத் தனி வளாகம் திறக்கப்பெற்றது. 2025 மார்ச்சில் நம் அரசு ஆர்ம் நிறுவனத்தோடு பத்தாண்டுக்கு 250 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புள்ள உடன்பாடு செய்துகொண்டது. கடல் கடந்து நோக்கின், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி வீழிநாதன் தலைமையில் உருவான சக்தி என்னும் செயலி, 2018இல் இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்க்கப்பெற்று, லினக்ஸ் இயங்குதளத்தைத் தாங்கி எழுந்தது. சில்லு வார்க்கப்படும் இடத்திலெல்லாம் அதன்மேல் இயங்குதளத்தை முதன்முதலாக எழுப்பிக் காட்ட ஒருவர் வேண்டும். அவ்வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் சிலர் இன்று நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சொற்கள். இயங்குதளத்தின் உள்ளீடாய் நின்று நினைவகத்தைப் பங்கிட்டு, நிரல்களுக்கு முறைவைத்து, கருவிகளோடு பேசும் பகுதியைக் கர்னல் என்பர். தமிழில் கருனி என்று வழங்குவோம். மின்சாரம் வந்ததும் தான் முந்தி எழுந்து, கருனியை நினைவகத்தில் கொண்டுவந்து வைத்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்து விலகும் சிறு நிரல் பூட்லோடர். அது துவக்க ஏற்றி. ஒரு பொறிக்கென எழுதிய கருனியை வேறொரு பொறியில் இயங்கச் செய்வதைப் பெயர்த்து நடுதல் என்கிறோம். நாற்றங்காலின் மண் வேறு, வயலின் மண் வேறு என்பதை அறிந்த மொழிக்கு இச்சொல் எளிதில் விளங்கும்.

இக்கலை புதிதன்று. 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ், 1973இல் பெரும்பாலும் சி மொழியில் திரும்ப எழுதப்பெற்றது. 1977இல் டென்னிஸ் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும் அதனை இன்டர்டேட்டா 8/32 என்னும் பொறிக்குப் பெயர்த்தனர். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் உல்லங்காங்கில் ரிச்சர்டு மில்லர் தனியே இன்டர்டேட்டா 7/32க்குப் பெயர்த்தார். பைட்டுகளை அடுக்கும் வரிசை பொறிக்குப் பொறி மாறுவதால், 'யூனிக்ஸ்' என அச்சிட வேண்டிய பொறி 'நுக்ஸி' என அச்சிட்டது என்று அக்காலத்தார் கதை சொல்வர்.

நாங்கள் அறுவர் செய்தது மிகச் சிறிய வேலை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2006இல் பாடத்துக்கென எழுதப்பெற்ற எக்ஸ்வி6 என்னும் கருனி, 1975இன் ஆறாம் பதிப்பு யூனிக்ஸை ஒட்டியது. 2019 முதல் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கென வழங்குகிறது. பத்தாயிரம் வரிக்கும் குறைவானது. ஒரு மாணவர் முழுதும் படித்து முடிக்கத்தக்கது. அது கியூஎமு என்னும் பாவனைப் பொறியில், அஃதாவது கணினிக்குள் கணினிபோல் நடிக்கும் நிரலில், இயங்குமாறு எழுதப்பட்டது. அதனை உள்ளங்கையளவான விஷன்ஃபைவ் 2 பலகையில் எழுப்ப முயன்றோம். பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மாலைகளில் கூடினோம். இருவர் கிள்ளானிலிருந்து கொமுட்டர் தொடர்வண்டியில் வருவர். ஒருவர் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கணினி அறியாதவர், எங்கள் குறிப்பேட்டைத் தமிழில் எழுதித்தர வந்தவர். தமிழில் குறிப்பெழுதுவது வீண்வேலை என்று எங்களுள் இருவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டனர். அக்கருத்தை நாங்கள் மறுக்கவில்லை. நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான்.

முதல் தடை கருனியைக் கட்டும்போதே வந்தது. மிதவைப் புள்ளி எண்களைக் கருனி தொடவேண்டா என்பதற்காகச் செயலியின் வகையை ஆர்வி64ஐஎம்ஏசி என்று குறித்திருந்தோம். ஒருவருடைய பழைய மடிக்கணினியில் அது குறையின்றி உருவானது. மற்றொருவருடைய புதிய கணினியில், கட்டுப்பாட்டுப் பதிவகத்தைப் படிக்கும் ஆணையைத் தான் அறியேன் என்று கருவித்தொகுதி நின்றுவிட்டது. ஸிசிஎஸ்ஆர் என்னும் நீட்சி வேண்டும் என்றது. மூல நிரலோ ஒன்றே. காரணம் இதுதான்: அடிப்படை ஆணைத்தொகுதியில் அடங்கியிருந்த அவ்வகை ஆணைகளை, 2019இல் வெளிவந்த ரிஸ்க்-ஃபைவ் வரையறை தனிப்பெயருள்ள நீட்சிகளாகப் பிரித்தது. 2022 பிப்ரவரியில் வெளிவந்த பின்யூட்டில்ஸ் 2.38 அவ்வரையறையைத் தன் இயல்பாகக் கொண்டது. ஆணை மாறவில்லை, அது எந்த இயலில் அடங்கும் என்பது மாறியது. வகைப்பெயரோடு நீட்சியின் பெயரையும் சேர்த்து எழுதியதும் தீர்ந்தது.

இவ்விடத்தில் எங்கள் குறிப்பேட்டில் ஒரு சிக்கல் நேர்ந்தது. 'தொகுப்பில் பிழை' என்று ஆசிரியை எழுதியிருந்தார். அடுத்த வாரம் அதைப் படித்தபோது எந்தப் பிழை என்று ஒருவர்க்கும் புரியவில்லை. கம்பைலரைத் தொகுப்பி என்கிறோம். மென்பொருள் பொதியையும் தொகுப்பு என்கிறோம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கும் 'தொகு' என்ற பொத்தானையே அழுத்துகிறோம். பொருள்தோறும் சொல் ஆக்கிய நாம், ஒரே சொல்லை மூவர்க்கும் கொடுத்துவிட்டோம். பட்டியலில் பார்க்கும்போது இக்குறை தெரியாது. பிழையைத் தேடும்போதுதான் தெரியும். அன்றுமுதல் தொகுத்தல் என்பதைக் கம்பைலருக்கு மட்டும் வைத்தோம். தொகுத்த துண்டுகளைச் சேர்ப்பதை இணைத்தல் என்றும், முழு வேலையையும் கட்டுதல் என்றும் எழுதினோம்.

இணைத்தலில் அடுத்த தடை. கருனியின் ஒவ்வொரு பகுதியும் நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கும் என்பதை இணைப்பி முன்கூட்டியே முடிவுசெய்கிறது. பாவனைப் பொறியில் நினைவகம் பதினாறடிமான எண்ணில் 80000000 என்னும் முகவரியில் தொடங்கும். எக்ஸ்வி6 அங்கேயே குடியிருக்கும். விஷன்ஃபைவ் 2 பலகையில் நினைவகம் 40000000இல் தொடங்குகிறது. அதன் முற்பகுதியில் ஓப்பன்எஸ்பிஐ என்னும் அடிநிலை நிரல் தங்குகிறது. கருனிக்கு உரிய இடம் அதற்கு 2 மெகாபைட்டு தள்ளி, 40200000இல். இவ்வெண்ணை எக்ஸ்வி6இல் இரண்டு கோப்புகளில் மாற்றவேண்டும். நாங்கள் ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்தோம். அந்த மறதிக்கு ஒரு மாலை செலவாயிற்று. அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி ஒப்படைப்பு. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு இட்ட இருப்புப்பாதை, உண்மையில் கிள்ளான் நகரை அடையவில்லை. ஆற்றுக்கு இப்பால் புக்கிட் கூடாவில் நின்றுவிட்டது. பாலம் கட்டி நகரை அடைந்தது 1890இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து யார் கொண்டுசெல்வர் என்பதை அறிந்தவர்க்கே பயணம் முடிந்திருக்கும். துவக்க ஏற்றி தன் பாதையின் முடிவில் நிற்கும்போது, கருனி எந்த முகவரியில், எந்த அதிகார நிலையில், எந்தப் பதிவகத்தில் என்ன செய்தியோடு ஆட்சியைப் பெறும் என்பதும் அத்தகைய உடன்பாடே.

ரிஸ்க்-ஃபைவ் செயலியில் பொறி நிலை, மேலாளர் நிலை, பயனர் நிலை என அதிகாரம் மூன்று படிகளாய் உள்ளது. பாவனைப் பொறியில் எக்ஸ்வி6 பொறி நிலையிலேயே கண்விழித்து, தானே கீழிறங்கிக்கொள்ளும். பலகையிலோ பொறி நிலையை ஓப்பன்எஸ்பிஐ தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதன்மேல் யூ-பூட் என்னும் துவக்க ஏற்றி மேலாளர் நிலையில் இயங்கி, அதே நிலையில் கருனியிடம் ஒப்படைக்கிறது. எங்கள் கருனியின் முதற்செயல்களுள் ஒன்று, 'நான் எந்த எண்ணுள்ள கோர்' என்று பொறி நிலைக்குரிய பதிவகத்தைக் கேட்பது. மேலாளர்க்கு அவ்வுரிமை இல்லை. 'முறைமீறிய ஆணை' என்று யூ-பூட் அறிவித்துப் பலகையைத் திரும்பத் தொடங்கிவிட்டது. நாங்கள் கண்ட பிழைகளுள் வாய்திறந்து பேசிய பிழை இது. பொறி நிலைக்கான பகுதியை முழுதும் நீக்கி, கோரின் எண்ணை ஏ0 என்னும் பதிவகத்திலிருந்து பெறுமாறு மாற்றினோம். கருனிக்கு அதனை அப்பதிவகத்தில் தருவதே வழக்கு.

அதன்பின் மௌனம். ஆணையிட்டால் திரை அப்படியே நிற்கும். சில சமயம் கருனி ஓரிடத்தில் நிற்கும். சில சமயம் அதைத் தாண்டி வேறோரிடத்தில் தடுக்கி விழும். எங்கே நிற்கிறது என்பதை எப்படி அறிந்தோம் எனில், நிரலின் இடையிடையே ஓர் எழுத்தைத் தொடர்முனைக்கு அனுப்பும் இரண்டு மூன்று ஆணைகளைச் செருகினோம். யூ-பூட் தொடர்முனையை ஏற்கெனவே ஒழுங்குசெய்து வைத்திருப்பதால், 10000000 என்னும் முகவரியில் ஓர் எழுத்தை எழுதினாலே அது திரைக்கு வரும். மாணவர்கள் இம்முறையை அறிந்திருப்பது நன்று. விலைமிக்க கருவி எதுவும் வேண்டா.

ஒரு நாள் ஒருவகையாகவும் மறுநாள் வேறுவகையாகவும் நடந்ததற்குக் காரணம், பிஎஸ்எஸ் எனப்படும் பகுதி. தொடக்கத்தில் சுழியமாய் இருக்கவேண்டிய மாறிகள் எல்லாம் அதில் அடங்கும். கருனிக் கோப்பை வெறும் பைட்டுத் தொடராக மாற்றியபோது அப்பகுதி கோப்பில் இடம்பெறாது. பாவனைப் பொறியில் நினைவகம் தூய்மையாய் இருந்தது. பலகையிலோ முன்னிருந்த நிரல்களின் எச்சம் கிடந்தது. கருனி எழுந்ததும், அடுக்கை அமைக்கும் முன்பே, அப்பகுதியைத் தானே துடைத்துச் சுழியமாக்க வேண்டும். அதைச் செய்தோம். செய்தபின் கருனி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றது. எங்களுள் இளையவர் மனம் சோர்ந்தார். மூத்தவர் அன்று எல்லார்க்கும் தேநீர் வாங்கித் தந்தார். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் பிழையைப் பிடித்துவிடலாம் என்றார்.

நின்ற இடம் இது. எக்ஸ்வி6இன் முதன்மைச் செயற்கூற்றில், 0 எண்ணுள்ள கோர் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்யும்; ஏனைய கோர்கள் அது முடிக்கும்வரை காத்திருக்கும். ஆசிரியை குறிப்பேட்டில் எழுதுவதற்காக அதனை நாங்கள் இப்படிச் சொன்னோம்: "டீச்சர், முதல் கோர் வீட்டைத் திறக்கும். மற்றவை வாசலில் நிற்கும்." அவர் எழுதுகோலை வைத்துவிட்டுக் கேட்டார்: "எந்த முதல்? எண்ணிலே முதலா, வந்ததிலே முதலா?"

இரண்டும் ஒன்றுதானே என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். பாவனைப் பொறியில் இரண்டும் ஒன்றாகவே அமைந்திருந்தன. விஷன்ஃபைவ் 2இன் ஜேஎச்7110 சில்லில் அவ்வாறில்லை. அதில் 0 எண்ணுள்ளது எஸ்7 என்னும் சிறு கண்காணிப்புக் கோர். அது மேலாளர் நிலையே இல்லாதது. கருனிக்குள் அது வரவே வராது. கருனிக்கு உரியவை 1 முதல் 4 வரையுள்ள யூ74 கோர்கள். வரவே வராத ஒருவருக்காக வந்தவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிழை பலகையினுடையது அன்று. எண்ணின் முதலையும் வருகையின் முதலையும் ஒன்றெனக் கொண்ட எங்கள் அனுமானத்தினுடையது. எந்த எண் ஆயினும் முதலில் வரும் கோரே ஆயத்தம் செய்யட்டும் என்று மாற்றினோம், கருனி நகர்ந்தது.

ஆசிரியை கேட்டிராவிடினும் ஒருநாள் கண்டுபிடித்திருப்போம் என்று சொல்வோர் எங்களுள் உண்டு. இருக்கலாம். ஆனால் மூன்று சனிக்கிழமைகளாக அந்த வரியை நாங்கள் ஆங்கிலத்தில் ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டினோம். அச்சொல் எவரையும் உறுத்தவில்லை. அவ்வரியை அறியாத ஒருவர்க்குத் தமிழில் விளக்கும்படி நேர்ந்தபோதே உறுத்தியது. இங்கே தமிழின் பெருமையைச் சாற்றுவது எங்கள் நோக்கமன்று. 'முதல்' என்ற நம் சொல்லும் அதே இருபொருள் உடையதே. விளக்கவேண்டிய கட்டாயமும், வேற்றுமைப் பொருளை விடாது வினவும் இலக்கண ஆசிரியர் ஒருவரும் எங்களுக்கு வாய்த்தனர்.

அடுத்துத் தொடர்முனை. கருனி அதனைத் தன் முறையில் ஒழுங்குசெய்யத் தொடங்கியதும் எழுத்துகள் நின்றுபோயின. பாவனைப் பொறியில் அதன் பதிவகங்கள் ஒரு பைட்டு இடைவெளியில் அடுத்தடுத்து உள்ளன. பலகையில் நான்கு பைட்டு இடைவெளியில். அதைத் திருத்தியபின் எழுத்துக்குப் பதில் குப்பை வந்தது. எக்ஸ்வி6 வேகத்துக்கான வகுஎண்ணாக 3ஐ எழுதுகிறது. பாவனைப் பொறி வேகத்தைப் பொருட்படுத்துவதில்லை. பலகையின் கடிகாரம் 24 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 115,200 என்ற வேகத்துக்கு வகுஎண் 13 ஆகவேண்டும். 3 என எழுதினால் பலகை 500,000 வேகத்தில் பேசும். கேட்பவர் 115,200இல் கேட்டுக்கொண்டிருப்பார். யூ-பூட் அமைத்த வேகத்தைத் தொடாமல் விட்டோம். 'எக்ஸ்வி6 கருனி தொடங்குகிறது' என்னும் பொருள்பட்ட ஆங்கில வரி அன்று திரையில் வந்தது.

இறுதியாக ஒன்று. நேரங்காட்டிக்கு ஓப்பன்எஸ்பிஐயைக் கேட்குமாறும், வட்டுக்குப் பதில் நினைவகத்திலேயே கோப்புகளை வைக்குமாறும், பக்க அட்டவணையில் பயன்பாட்டுக் குறிகளை முன்கூட்டியே இடுமாறும் செய்து முடித்தபின், ஒரு விந்தை கண்டோம். சில நாள் எல்லாம் நன்றாய் நடக்கும். சில நாள் கருனியின் செய்திகள் முழுமையாக வரும். ஆனால் முதல் பயனர் நிரல் அச்சிடவேண்டிய வரியில் ஓரெழுத்து மட்டும் வந்து நின்றுவிடும். பயனர் நிரலின் எழுத்துகள், 'முந்தைய எழுத்து போயிற்று, அடுத்ததை அனுப்பு' என்னும் குறுக்கீட்டை எதிர்பார்ப்பவை. குறுக்கீடு எந்தக் கோருக்குப் போகவேண்டும் என்பதைக் கருனி தன் கோர் எண்ணைக் கொண்டு பதிவுசெய்கிறது. எங்கள் கருனி தன் எண் 1 என்றே எப்போதும் சொல்லிற்று. அதே திரையின் மேற்பகுதியில், ஓப்பன்எஸ்பிஐ தன் அறிவிப்பில், இம்முறை எழுந்த கோர் 3 என்று அச்சிட்டிருந்தது. பல வாரங்களாக அவ்விரு வரிகளும் ஒரே திரையில் இருந்தன; நாங்கள் ஒப்புநோக்கவில்லை.

யூ-பூட்டில் கருனியை நாங்கள் 'கோ' என்னும் கட்டளையால் இயக்கியிருந்தோம். அக்கட்டளை, தான் அழைப்பதைச் சாதாரணச் செயற்கூறாகக் கருதி, எத்தனை சொற்கள் தரப்பட்டன என்ற எண்ணிக்கையை ஏ0 பதிவகத்தில் வைக்கும். முகவரி ஒன்றை மட்டுமே தந்ததால் அவ்வெண்ணிக்கை எப்போதும் 1. அதையே நாங்கள் கோரின் எண் என்று படித்தோம். உண்மையில் 1ஆம் கோர் எழுந்த நாள்களில் எல்லாம் சரியாயிற்று. மற்ற நாள்களில் குறுக்கீடு, இல்லாத ஆளின் பெயருக்கு அனுப்பிய மடல்போல் வேறிடம் போயிற்று. லினக்ஸ் முறைப்படி கருனியின் தலைப்பில் 64 பைட்டு முகப்பைச் சேர்த்து, 'பூட்ஐ' என்னும் கட்டளையால் இயக்கினோம். அது கோரின் எண்ணை ஏ0இலும், பொறியின் உறுப்புப் பட்டியல் இருக்கும் முகவரியை ஏ1இலும் வைத்து ஒப்படைக்கிறது. அதன்பின் அவ்விந்தை நிகழவில்லை.

இப்போது எங்கள் கருனி ஒரு கோரில் மட்டுமே இயங்குகிறது. ஏனைய மூன்றையும் எழுப்ப ஓப்பன்எஸ்பிஐயிடம் வேண்டுகோள் விடுக்கவேண்டும். அப்பகுதியைக் கிள்ளானிலிருந்து வரும் இருவரும் எழுதிக்கொண்டிருக்கின்றனர். தமிழில் குறிப்பெழுதுவதை எதிர்த்த இருவருள் ஒருவர் அவர். குறிப்பேடு இதுவரை 140 பக்கம் ஆகியுள்ளது. ஆசிரியர்கள் விரும்பின் படியெடுத்துத் தருவோம்.

மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ரிஸ்க்-ஃபைவ் வரையறையில் கோர் என்பது வேறு. ஆணைகளைத் தனித்தொடராக இயக்கும் ஹார்ட் என்பது வேறு. ஒரு கோருக்குள் பல ஹார்ட் இருக்கலாம். இவ்வுரையில் இரண்டையும் கோர் என்றே சொல்லி வந்தோம்; எங்கள் சில்லில் அவ்விரண்டும் ஒன்றாய் அமைந்ததால் பிழையாகவில்லை. வேறு சில்லில் பிழையாகும். ஹார்ட் என்பதற்கு ஆசிரியை எழுதிவைத்த மூன்று சொற்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளன; ஒன்றையும் நாங்கள் இன்னும் தேரவில்லை. இடைவேளையில் அப்பக்கத்தைப் பார்த்துத் தங்கள் கருத்தை எழுதித் தருமாறு வேண்டுகிறோம்.